கவுதாரி வீட்டு சென்சார் லைட்

ஒரு காட்டில், மின்கம்பம் நட்டு வருஷக்கணக்காகியும் கரண்ட் மட்டும் வந்து சேராத ஒரு முள்ளுக்காட்டில், ஒரு கவுதாரித் தம்பதி குடியிருந்தது. புருஷன் பெயர் தங்கப்பழம். பெண்டாட்டி பெயர் செங்கமலம். கவுதாரி மரத்தில் கூடு கட்டாது, தெரியுமல்லவா? புல் மறைவில் தரையில் ஒரு குழி, அதில் முட்டை. வீடு என்றால் அவ்வளவுதான். கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது.

போன பங்குனியில் செங்கமலம் இட்ட முட்டைகளை ஒரு சாயங்காலம் நீளப்பாண்டி வந்து விழுங்கிவிட்டுப் போனான். நீளப்பாண்டி ஒரு சாரைப்பாம்பு. பேருக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை, படுபாவி. அதற்கப்புறம் செங்கமலம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த வெறும் குழியிலேயே நாள்கணக்காக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு எந்தப் புருஷனுக்குச் சோறு இறங்கும்? இப்போது மறுபடியும் முட்டை இட்டிருக்கிறாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா நான் உசிரோட இருக்க மாட்டேங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீடு ஆவுடையக்கா. ஆள்காட்டிக் குருவி. நெட்டைக் கால், சிவந்த மூக்கு, ஓயாத வாய். அந்தப் பக்கம் யார் ஒரு எட்டு எடுத்து வைத்தாலும் "யாரது? யாரது? எங்க போற? என்ன சோலி?" என்று காடு அதிரக் கேட்பாள். எருமை போனாலும் கேட்பாள், எறும்பு போனாலும் கேட்பாள். பதில் சொல்லாதவர்கள் ஒரு கேள்வியோடு தப்பித்தார்கள். பதில் சொன்னவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 'அத்தைக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போறேன்' என்று யாராவது சொல்லிவிட்டால், அத்தைக்கு என்ன உடம்பு, மருமகள் கவனிக்கவில்லையா, சொத்து யார் பேரில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் ஆளை விடுவாள்.

அவள் வாய் ஓய்ந்தது போன பங்குனியில் ஒரே ஒரு சாயங்காலம். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். "அன்னைக்குக் காடு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா!" என்று தங்கப்பழம் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். அதே சாயங்காலம்தான் முட்டையும் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவேயில்லை. கவுதாரி மூளை, என்ன செய்வது?

"ஏங்க, சென்சார் லைட்டுன்னு ஒண்ணு வந்திருக்காம்" என்றாள் செங்கமலம். "யாராவது கிட்ட வந்தா தானா பளிச்சுன்னு எரியுமாம். முள்ளம்பன்றி வீட்ல மாட்டியிருக்காங்க."

தங்கப்பழம் எதையும் விசாரிக்காமல் வாங்குகிற ஆளில்லை. முதலில் முள்ளம்பன்றியிடம் போனான். "ரொம்ப நல்ல லைட்டுப்பா. மாட்டினதிலிருந்து ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வர்றதில்லை" என்றது முள்ளம்பன்றி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடியும் யாரும் வந்ததில்லைன்னு வையேன்" என்றும் சொன்னது. வௌவால், "நானே மாட்டிட்டேன், ஆளே தேவைப்படலை. வானம் என்னமாத் தெரியுதுங்கிற!" என்று மெய்மறந்தது. லைட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்பதை அதற்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. லைட் மாட்டியிருந்த ஆந்தையிடம் கேட்கப் போனால், அது கூச்சம் தாங்காமல் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அழுதுகொண்டிருந்தது. அதை வேறு ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தங்கப்பழம் திரும்பிவிட்டான்.

லைட்டுக் கடை உடைமரத்தடியில் இருந்தது. முதலாளி லிங்கதுரை. ஓணான். 

"வாங்க வாங்க. யாருக்கு, வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான் அண்ணாச்சி. எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்?"

"பத்து இருக்கு, முப்பது இருக்கு, அம்பது இருக்கு. உங்க வாசல் எம்புட்டு அகலம்?"

"வாசலே இல்லை அண்ணாச்சி. ஒரு குழிதான்."

"அப்ப அம்பதா எடுத்துருங்க" என்றான் லிங்கதுரை, முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல். "கரண்ட்டா, சோலாரா?"

"கரண்ட்டுதான் வரவேயில்லையே அண்ணாச்சி."

"அதனாலதான் சோலார் நல்லதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது."

தங்கப்பழம் ஒவ்வொன்றாகக் கேட்டான். மழைக்குத் தாங்குமா? லிங்கதுரை தலையை ஆட்டினான். ரெண்டு பக்கமிருந்தும் வருகிறவர்களைப் பார்க்குமா? ஆட்டினான். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைந்துவிடுமா? ஆட்டினான். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எதற்காக வந்தானோ அதைக் கேட்டான்.

"அண்ணாச்சி, பாம்பு வந்தா எரியுமா?"

லிங்கதுரை தலையை ஆட்டினான்.

ஓணான் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். இது நமக்குத் தெரியும், தங்கப்பழத்துக்கும் தெரியும். ஆனால் ஆசைப்பட்டு ஒரு பொருளைக் கையில் எடுத்த பிறகு, கடைக்காரன் தலையாட்டினால் அது ஓணான் தலை என்பதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது? ஒரு புற்றுக் கறையானை விலையாகக் கொடுத்து வாங்கிவிட்டான். 

லிங்கதுரையே வந்து ஒரு பட்டமரத்தில் ஏறி மாட்டிக் கொடுத்தான். இருட்டியதும் சோதித்துப் பார்த்தார்கள். தங்கப்பழம் நடந்தான், பளிச். செங்கமலம் கழுத்தை நீட்டினாள், பளிச். அணைந்த பிறகு லிங்கதுரை மரத்திலிருந்து இறங்கி லைட்டுக்கு நேர் எதிரே குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். லைட் எரியவில்லை.

"அண்ணாச்சி, உங்களுக்கு எரியலையே?" என்றாள் செங்கமலம்.

"எனக்கு எப்படிம்மா எரியும்? நம்ம கடைச் சரக்கு. முதலாளின்னா அடங்கித்தான் இருக்கும். மரியாதை தெரிஞ்ச லைட்டு."

அடேயப்பா, என்ன பதில்! செங்கமலத்துக்கு அந்த லைட்மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் தங்கப்பழம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். "யக்கா, இனிமே நீங்க தொண்டை வலிக்கக் கத்திக் கஷ்டப்பட வேண்டாம். எங்க வீட்டுக்கு லைட் வந்தாச்சு. யாரு வந்தாலும் அதுவே பார்த்துக்கிடும்."

ஆவுடையக்காவுக்கு முகம் செத்துப்போனது. "நான் எப்படே கஷ்டப்பட்டேன்னு சொன்னேன்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாச்சேன்னு ரெண்டு வார்த்தை கேட்டேன். சரி. இனி உங்க வீட்டுக்கு யாரு வந்தா எனக்கென்ன, யாரு போனா எனக்கென்ன" என்றாள். அத்தோடு திரும்பி உட்கார்ந்துகொண்டாள். உள்ளுக்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளிடம் முட்டையைக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பாள். வாயைக் கேட்டுவிட்டார்களே!

லைட் வேலையில் குறை வைக்கவில்லை. ஆடு போனால் எரிந்தது. அணில் வாலை ஆட்டினால் எரிந்தது. தங்கப்பழம் புரண்டு படுத்தால் எரிந்தது. முயல் வீட்டு மாப்பிள்ளைக்கு ஊர் அடங்கிய பிறகு பூனை நடை நடந்து வீட்டுக்குத் திரும்புகிற வழக்கம் உண்டு. அவன் தலைக்கு மேல் பளிச்சென்று எரிந்ததில், எங்கிருந்து வருகிறான் என்பது மாமியார் வரைக்கும் தெரிந்து அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. "பார்த்தியா, என்ன துல்லியம்!" என்று தங்கப்பழம் பூரித்துப்போனான். முட்டையின்மேல் உட்கார்ந்திருந்த செங்கமலத்துக்குத் தூக்கமில்லாமல் கண் சிவந்துவிட்டது. இருந்தாலும் முட்டை பத்திரமாக இருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை பெய்து ஓய்ந்தது. இருட்டியதும் வெளிச்சத்துக்கு ஈசல் வந்து மொய்த்தது. ஈசலைத் தின்னத் தவளைகள் வந்தன. தவளையைத் தின்ன வரவேண்டியவர் வராமல் இருப்பாரா? நீளப்பாண்டி புறப்பட்டு வந்தான். அன்றைக்குத்தான் சட்டை உரித்திருந்தான். தோல் புத்தம் புதுசாக மினுமினுத்தது.

அவன் வந்த நேரம் லைட் அணைந்திருந்தது. ஊரெல்லாம் இந்த லைட்டைப் பற்றியே பேச்சாக இருந்ததால் அவனுக்கும் கொஞ்சம் பயம்தான். மெல்லத் தலையை நீட்டினான். எரியவில்லை. உடம்பையும் நீட்டினான். எரியவில்லை. நேர் எதிரே போய்ப் படமெடுக்காத குறையாக நிமிர்ந்து நின்றான். ம்ஹூம். "எருமைக்கு எரியுது, முயலுக்கு எரியுது. எனக்கு எரியலை. நான் அவ்வளவு மட்டமாப் போயிட்டேனா?" என்று அவனுக்கு ஒரு வருத்தம்கூட வந்தது. ஆனால் குழி பக்கத்திலேயே இருந்தது. முட்டை வாசனை வந்தது. வருத்தத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம் என்று குழியைப் பார்த்து நகர்ந்தான்.

உள்ளே செங்கமலம் பல நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். லைட் இருக்கிற தைரியம். தங்கப்பழமும் அப்படியே.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது ஆவுடையக்கா ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை. 'எனக்கென்ன? அவங்க லைட் பார்த்துக்கிடும்' என்று அலகை இறுக்கிக்கொண்டாள். 'அந்தக் குழியில இருக்கிறது பச்சை முட்டையாச்சே' என்று மனசு அடித்துக்கொண்டது. அதையும் அடக்கினாள். ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம். நீளப்பாண்டி அவள் காலடியைக் கடந்தான். அப்போது அந்தப் புதுத் தோல் நட்சத்திர வெளிச்சத்தில் ஒருமுறை மினுங்கியது. அவ்வளவுதான், அவளால் முடியவில்லை.

"ஏலே நீளப்பாண்டி! எப்பலே சட்டை உரிச்ச? என்ன விசேஷம்? பொண்ணு பார்க்கப் போறியா? யாரு வீட்டுக்குப் போற? என்ன சோலி? எங்க போற? எங்க போற?"

காடே எழுந்துகொண்டது. செங்கமலம் அலறிப் புடைத்து எழுந்து இரண்டு இறக்கையையும் விரித்து முட்டையை மூடினாள். இம்மிகூட நகரவில்லை. தங்கப்பழம் துள்ளிக் குதித்து வெளியே ஓடினான். அவனைப் பார்த்ததும் லைட் பளிச்சென்று எரிந்தது. ஐம்பது வாட்ஸ் வெளிச்சத்தில், வாயைத் திறந்தபடி, குழிக்கு முன்னால் நீளப்பாண்டி முழு நீளத்துக்கும் கிடந்தான்.

"சும்மா... காத்து வாங்க வந்தேன்" என்றான்.

"காத்து உன் புத்துப் பக்கம் அடிக்கலையாலே?" என்றாள் ஆவுடையக்கா. எத்தனை நாள் சேர்த்துவைத்த கேள்விகள்! அதற்குள் முயல் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், முள்ளம்பன்றி வந்துவிட்டது. வந்தவர்களும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். இப்ப என்ன வேலை பார்க்கிறே? இன்னுமா கல்யாணம் ஆகலை? உன் கூடப் பிறந்தவனுக்கு ரெண்டு பிள்ளையாமே? சொந்தப் புத்தா, இல்லை கறையான் கட்டினதுலதான் இன்னும் குடியிருக்கியா? நீளப்பாண்டி கீரியிடம் தப்பித்தவன், பருந்திடம் தப்பித்தவன். இதற்கு அவனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கல்யாணக் கேள்வி இரண்டாம் முறை வந்தபோது கண் கலங்கிவிட்டது. வாலைச் சுருட்டிக்கொண்டு முள்ளுக்குள் பாய்ந்தான். அதற்கப்புறம் அந்தத் திசையிலேயே அவனை யாரும் பார்க்கவில்லை.

விடிந்ததும் தங்கப்பழம் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தான். "பாம்பு வந்தா எரியும்னீங்களே அண்ணாச்சி!"

"நானா? நான் வாயே திறக்கலையே. தலையை ஆட்டினேன், அது என் பிறவிக் குணம்" என்றான் லிங்கதுரை. "இந்த லைட்டு உடம்புச் சூட்டைப் பார்த்துத்தான் எரியும். பாம்புக்கும் எனக்கும் உடம்பு தரை மாதிரிச் சில்லுனு இருக்கும். எங்களை அதுக்குத் தெரியாது."

"அப்ப மரியாதை தெரிஞ்ச லைட்டுன்னீங்களே?"

"தெரியாதவங்களுக்கு யாரு மரியாதை குடுப்பா, சொல்லுங்க" என்றான் லிங்கதுரை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டான்.

செங்கமலம் ஆவுடையக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். "நீங்க இல்லைன்னா என் பிள்ளைங்க இல்லைக்கா" என்று அழுதாள். "அழாதடி, விடு" என்ற ஆவுடையக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த லைட்டை மட்டும் கொஞ்சம் ஒத்தையடிப் பாதைப் பக்கமாத் திருப்பி வைக்கச் சொல்லேன். யாரு யாரு கூடப் போறாங்கன்னு சரியாத் தெரிய மாட்டேங்குது" என்றாள். நன்றிக் கடன், திருப்பி வைத்தார்கள்.

முட்டைகள் எல்லாம் பொரிந்தன. ஒன்றுகூடக் கெடவில்லை. பஞ்சு உருண்டைகள் வரிசையாகக் குழியைவிட்டு முதல் எட்டு எடுத்து வைத்தன.

"யாரது? எங்க போறீங்க? அம்மாட்ட சொல்லிட்டீங்களா? அப்பன் மூக்குத்தான் எல்லாத்துக்கும் வந்திருக்கு, பாவம். உங்க அப்பனும் அம்மாவும் நேத்து எதுக்குச் சண்டை போட்டாங்க?"

தங்கப்பழம் யாருக்கும் தெரியாமல் மறுபடியும் உடைமரத்தடிக்குப் போனான்.

"அண்ணாச்சி, பக்கத்து வீட்டுக்காரங்க கேள்வி நம்ம வீட்டுப் பக்கம் வராம இருக்க ஏதாவது சரக்கு வந்திருக்கா?"

லிங்கதுரை தலையை ஆட்டினான்.

நீதி: பாம்பிடமிருந்து வீட்டைக் காப்பாற்றப் பக்கத்தில் ஒரு வம்புக்காரி இருந்தால் போதும். வம்புக்காரியிடமிருந்து வீட்டைக் காப்பாற்றும் சரக்கு இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை. வந்துவிட்டதென்று யாராவது தலையாட்டினால், முதலில் அவர் ஓணானா என்று பார்த்துக்கொள்ளவும்.