தம்ளர் இல்லாத சொதி விருந்து

என் தங்கையின் மறுவீட்டு விருந்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் குறைந்தது ஐந்து வரலாறுகள் வழங்குகின்றன. சம்பந்திக்கு அன்று எத்தனை விக்கல் வந்தது என்பதில் அவற்றுள் எந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. ஆதலால், நான் கண்ணால் கண்டதும், குற்றவாளி என்ற முறையில் மறுக்க இயலாததுமான செய்திகளை மட்டுமே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது வயது இருபத்தாறு. தாமிரபரணிக் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெகிழிக் குப்பை பொறுக்கியிருந்தேன். அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையின் பலத்தில் உலகைத் திருத்தும் தகுதி வந்துவிட்டதாக நம்பினேன். திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் சொதி விருந்து வைப்பது எங்கள் வழக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே பந்தி. அதன் பொறுப்பை அப்பா என்னிடம் ஒப்படைத்தார். (பாவம், நல்ல மனுஷன்.)

தண்ணீர்ப் பாட்டிலை மறுத்தேன். காகிதத் தம்ளரின் உட்புறம் நெகிழிப் பூச்சு உண்டென்று அதையும் மறுத்தேன். வாடகைக் கடையிலிருந்து எவர்சில்வர் தம்ளர்களை ஏற்றிவரும் வண்டி புகை விடுமே என்று அவற்றையும் மறுத்தேன். ‘விருந்தினர் தத்தம் குவளையுடன் வருக’ என அழைப்பிதழின் அடியில் ஒரு வரி அச்சிட்டதோடு என் கடமை முடிந்தது.

சமையற்காரர் சங்கரன் அண்ணாச்சி மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, சம்பந்தக்காரங்களுமா தம்ளரத் தூக்கிட்டு வருவாவ?”

“படிச்சவங்க அண்ணாச்சி. புரிஞ்சுக்கிடுவாங்க.”

“படிச்சவங்கதான் வே. பத்திரிகைய யாரு படிக்கா?”

அன்று விருந்தினர் கொண்டுவந்த குவளை ஒன்றே ஒன்று. அது ஒரு கைக்குழந்தையின் பால்புட்டி, அதுவும் நெகிழி.

இலையில் தேங்காய்ப்பால் சொதியும் உருளைக்கிழங்கும் இஞ்சித் துவையலும் விழுந்தன. துவையலை முதலில் வாயிலிட்டவர் சம்பந்தி. விக்கல் பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்த பதினான்கு தம்ளர்களும் பந்தியின் மறுகோடியில் கைமாறிக்கொண்டிருந்தன. நான் குடத்தோடு ஓடி, இரு கைகளையும் குவிக்குமாறு அவரை வேண்டினேன். குவித்தார். சாய்த்தேன். பாதி நீர் அவர் கையிலும் மீதி அவர் பட்டுச் சட்டைக்குள்ளும் இறங்கிற்று.

மாப்பிள்ளையின் பெரியம்மா குரலை உயர்த்தவேயில்லை. “தண்ணிக்குக் கையேந்த வைக்குத வீட்டுலயா பொண்ணு எடுத்தோம்?”

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்தாள். புகுந்த வீட்டில் அவள் ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டிய சொல்லை நான் இரண்டாம் நாளே சம்பாதித்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போது எதிர்வீட்டு ஞானம் டீச்சர் பந்தியிலிருந்து எழுந்தார். ஆண்டுதோறும் தேவாலயத்தின் அசன விருந்தில் நூற்றுக்கணக்கானோருக்குப் பரிமாறுபவர். “ஏலே, ஊருக்கே அசனம் போடுதோம். நீ ஒரு பந்திக்குத் தண்ணி குடுக்கத் தெரியாம நிக்க. கூடைய எடு.” பிறகு மாடிச் சுவரருகே போய்த் தெருவை நோக்கி ஒரே சொல் சொன்னார்: “தம்ளர்.”

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பத்து நிமிடத்திற்குள் கூடைகளிலும் முந்தானைகளிலும் தம்ளர்கள் படியேறி வந்தன: பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், இரண்டு வெள்ளிகூட. விளிம்புதோறும் பெயர் வெட்டியிருந்தது. ஒருவருடைய காதுகுத்து, ஒருவருடைய ஞானஸ்நானம், மூன்றாம் வீட்டு பாத்திமா அக்காவின் நிக்காஹ். பெயருக்குரியவர் பலர் இன்றில்லை. தம்ளரில் ஒரு நெளிவில்லை. கூடையேந்தி நின்ற நான் ஒவ்வொரு பெயராகப் படித்தபடி வாங்கினேன். நான் கற்பிக்கப் புறப்பட்டதைத் தெரு எப்போதோ செய்து முடித்து, விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது. சம்பந்தியின் விக்கலை நிறுத்திய தம்ளரில் ‘இசக்கிமுத்து’ என்றிருந்தது. தெருமுனைத் தையற்காரர், நான் பிறக்குமுன்பே காலமானவர். என் தங்கையின் மானத்தைக் காத்தவர் அவர்தாம்.

பெரியம்மா தம் தம்ளரைச் சுழற்றிச் சுழற்றிப் படித்தார். பக்கத்திலிருந்தவரின் தம்ளரையும் வாங்கிப் படித்தார். “ஒரு தெருவே தண்ணி குடுத்து நான் பாத்ததில்ல,” என்றார். “பெரிய எடத்துலதான் எடுத்திருக்கோம்.”

இன்றும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சம்பந்தி பையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அமர்கிறார். எவரும் சிரிப்பதில்லை, என்னைப் பார்க்கிறார்கள், அவ்வளவே.

அன்று மாலையே தம்ளர்களை விளக்கி, பெயர் பார்த்து, வீடுவீடாகத் திருப்பிக் கொடுத்தோம். ‘வெ. ஆ. மரகதம்’ என்று வெட்டிய வெண்கலத் தம்ளர் ஒன்று மட்டும் எஞ்சியது. தெரு முழுவதும் விசாரித்தாயிற்று. மரகதம் யார், அதை மாடிக்குக் கொண்டுவந்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.