மலரின் காலில் நாலு கம்பி

“பிள்ளையைக் காற்றாட வெளியே அழைத்துப் போங்கள்” என்று டாக்டர் சொன்னபோது, எந்த நாளில், எந்தத் தெருவில் என்று நான் கேட்டிருக்க வேண்டுமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மலர் என் மூத்த மகள். அப்போது ஏழு வயது. இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் குட்டையாகிவிட்டது. எலும்பை அறுத்து, மேலே இரண்டு, கீழே இரண்டு எனக் கம்பி குத்தி, வெளியே இரும்புச் சட்டத்தில் பூட்டி, திருகாணியைத் திருகித் திருகிக் காலை நீட்டியிருந்தார்கள். எலும்பு இறுகும்வரை சட்டத்தோடு வீட்டில் இருக்கலாம். கம்பி நுழைந்த இடத்தில் அழுக்குப் பட்டால் மட்டும் கால் போய்விடும் என்றார்கள். (அந்த ‘மட்டும்’ என் தூக்கத்தைத் தின்றது.) கொதிக்க வைக்காத துணியால் நான் அதைத் தொட்டதில்லை. கொதித்ததா என்று சந்தேகம் வந்தால் மறுபடி கொதிக்க வைப்பேன்.

அன்று தைப்பூசம். காவடி பார்க்க வேண்டுமென்று அழுதாள். தள்ளுவண்டியில் உட்கார வைத்து, காவடிகள் போகும் சிராங்கூன் ரோட்டு ஓரம் நிறுத்தினேன். பால்குடத்தோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் நின்று, மலரின் காலையே பார்த்தார்.

“எத்தனை கம்பிம்மா?”

“நாலுங்க.”

“தோல்லயா?”

“எலும்புல. இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்திருக்கு.”

படித்தவள் அல்லவா, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எலும்பில் அலகு குத்திய குழந்தை என்று கூட்டத்தில் சேதி பரவியது. விபூதித் தட்டுகள் நீண்டன. ஒருவர் சட்டத்தில் எலுமிச்சம்பழம் கட்ட நூல் எடுத்தார். இது ஆஸ்பத்திரிக் கம்பி என்று நான் கத்தியது மேளச் சத்தத்தில் கரைந்தது. வேறு வழி தெரியாமல் சட்டத்தின்மேல் கவிழ்ந்துகொண்டேன்.

“பெத்தவளே கால்ல விழுறா பாரு,” என்றது ஒரு குரல். பின்னால் வரிசையே நின்றுவிட்டது.

கவிழ்ந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தால், மலர் வலக்கையைத் தூக்கி ஆசி வழங்கிக்கொண்டிருக்கிறாள். கையை இறக்கச் சொன்னேன்.

“நீங்க பேசாம இருங்கம்மா. ஆரஞ்சு தராங்க லா.”

முருகனே வழியில் உட்கார்ந்திருக்கும்போது கோயில்வரை எதற்கு என்று அந்த அம்மாள் நினைத்திருக்க வேண்டும். பால்குடம் முழுவதும் என் முதுகில் இறங்கியது. காலில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. காயம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டினார். என் கணவரோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “இவங்களுக்கு அபிஷேகம் ஆயிருச்சு, தள்ளி நின்னு கும்பிடுங்க,” என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்.

மலர் இப்போது நன்றாக ஓடுகிறாள். சிக்கல் வேறு. அந்த வருடமே அந்த அம்மாளுக்குப் பேரன் பிறந்தான். வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து வந்து, குழந்தையை மலரின் காலடியில் கிடத்தினார். இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். “மலரம்மா இருக்கும்போது அது எதுக்கு?” என்கிறார்.

உண்மையைச் சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சொட்டு மருந்து கொடுக்கும்படி மலரையே அருள்வாக்குச் சொல்ல வைக்கலாமா? அது பாவமா? மலர் தயார், எனக்குத்தான் பயம். தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள், குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டான்.