நகரு, நான் பாக்குறேன்

உதவி செய்யாத மனிதர்களால் நேரும் கஷ்டங்களைப் பற்றி ஏற்கெனவே வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் பிராணி, உதவி செய்கிற வகையைச் சேர்ந்தது.

மென்பொருள் எழுதும் அலுவலகம் எதுவானாலும் மாடிக்கு ஒருவர் வீதம் இவர் இருப்பார். யாராவது திரையைப் பார்த்து 'ப்ச்' என்று ஒரு சத்தம் எழுப்பினால் போதும். அடுத்த கணம் அந்த நாற்காலிக்குப் பின்னால், கையில் டீக் கோப்பையும் முகத்தில் பெரிய டாக்டரின் கவலையுமாக முளைத்திருப்பார். கூப்பிட்டீர்களா? இல்லை. கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொல்ல அவர் என்ன பிளம்பரா? நாம் இவரை ஆபத்பாந்தவர் என்று அழைப்போம்.

இவருடைய திறமையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் பில்டு உடைந்த நாளில் பார்க்க வேண்டும். பில்டு என்றால் என்ன என்று கேட்கும் பாக்கியசாலிகளுக்காக: பல பேர் துண்டு துண்டாக எழுதியதையெல்லாம் ஒரு கருவியிடம் கொடுத்தால், அது சேர்த்துக் கோத்து, வாடிக்கையாளர் தன் கணினியில் போட்டுக்கொள்ளும்படி ஒரே மென்பொருளாக ஆக்கித் தரும். எந்தத் துண்டை எங்கே தேடுவது என்று அதற்குச் சொல்ல ஒரு செட்டிங் கோப்பு உண்டு. அதில் ஒரு வரி பிசகினாலும் கருவி கோபித்துக்கொண்டு பிழைகளைக் கொட்டும். முதல் பிழைதான் பிழை. மற்றதெல்லாம் அதன் பிள்ளைகுட்டிகள். இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆபத்பாந்தவருக்கும் தெரியும், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

அன்றைக்கு மாட்டியவள் ஒரு பெண். மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கான மென்பொருள் அவள் பொறுப்பு. அது சில நாட்களாக இடது கண்ணின் பவரை வலது கண்ணுக்கும், வலது கண்ணின் பவரை இடது கண்ணுக்கும் அச்சடித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டாள். பில்டு எடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. கிளம்பியே ஆக வேண்டும். அவளுடைய அப்பாவை அன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் அங்குள்ள அலுவலகம் மூடுவதற்குள் மகள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் மறுநாள்தான்.

பொத்தானை அமுக்கினாள். இருநூற்றுச் சொச்சம் பிழைகள். "ப்ச்" என்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"தெரியலண்ணா. காலைல நல்லாத்தான் இருந்தது. இப்ப எல்லாரும் மாத்தினதை இறக்கினேன், அப்புறம்தான்..."

"நகரு, நான் பாக்குறேன்."

உட்கார்ந்தார். நாற்காலியின் உயரத்தை இறக்கினார். மவுஸின் வேகத்தைக் கூட்டினார். திரையில் எழுத்தைப் பெரிதாக்கினார். பிறகு பிழைப் பட்டியலைக் கடகடவென்று கீழே உருட்டிக் கடைசி வரிக்குப் போய்ச் சேர்ந்தார். பில்டு தோல்வி என்று அங்கே இருந்தது. அதை நிதானமாக இரண்டு முறை படித்தார்.

"ம்... ஃபெயில் ஆகுது" என்றார்.

"மேல போய் முதல் எரரைப் பாக்கலாமாண்ணா?"

"அதெல்லாம் அப்புறம். இது பழைய பில்டுங்களோட குப்பை சேந்ததால வர்றது. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து ஓட்டினா தானா சரியாயிடும்."

அழித்தார். அடுத்தவர் கணினியில் அழிப்பதற்கு மட்டும் இவருக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்துவிடும். முதலிலிருந்து ஓட்டினால் அரை மணி ஆகும். அந்த அரை மணியும் நாற்காலியை விட்டு எழாமல், முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைவிட மோசமான ஒரு பில்டைத் தனியாளாகக் கரையேற்றிய சரித்திரத்தைச் சொன்னார். சரித்திரம் முடியவும் பில்டு முடியவும் சரியாக இருந்தது. பிழைகள் நானூறு ஆகியிருந்தன.

"பாத்தியா! மாறுது. மாறுதுன்னா நாம சரியான பக்கம் போறோம்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு அவர் கருவியின் புதிய பதிப்பை நீக்கிப் பழையதைப் போட்டார், அதுவும் சரியில்லை என்று அதைவிடப் பழையதைப் போட்டார், வைரஸ் தடுப்பை அணைத்தார், செட்டிங்கில் அறுபத்துநாலு பிட் என்று இருந்த இடத்தையெல்லாம் முப்பத்திரண்டு ஆக்கினார், முப்பத்திரண்டு என்று இருந்த ஓர் இடத்தை, மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, அறுபத்துநாலு ஆக்கினார், நெட் வயரைப் பிடுங்கி ஊதிச் செருகினார், கணினியை அணைத்துப் போட்டார். எதையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கவில்லை. அப்படிச் செய்தால் எதனால் சரியானது என்று தெரிந்துபோய்விடாதா?

அவள் நின்றுகொண்டிருந்தாள். போன் அடித்தது.

"கிளம்பிட்டியாம்மா?"

"இதோப்பா, ஆச்சு."

"அவசரமில்ல. நர்ஸம்மா கேட்டாங்க, அதான்."

நர்ஸம்மா கேட்டதாக அப்பா போன் பண்ணுவது அது மூன்றாவது தடவை.

அடுத்த மேசையில் மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கும் தோழி ஒருத்தி இருந்தாள். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"அண்ணா, உங்க மெஷின்ல பில்டு வருதா?"

"என் மெஷின்ல ஜம்முனு ஓடுதே! காலைல கூட எடுத்தேன்."

"அப்ப இவ எழுதினதை அங்க இறக்கி, அதுலயே எடுத்து அனுப்பிடலாமே? இவ கிளம்பட்டும்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. "ஐயையோ, என் மெஷின்ல யாரும் கை வைக்காதீங்க. செட்டிங் மாறிடும்."

நல்லவேளை, டீ ஆறிவிட்டது. வேறு எடுத்துவர எழுந்து போனார். மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்த அவள், பட்டியலின் உச்சிக்குப் போனாள். முதல் பிழை மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது: அச்சடிக்கும் பகுதிக்கான கோப்பைக் காணவில்லை, தேடிய இடம் இது. அந்த இடத்தின் விலாசத்தில் ஆபத்பாந்தவரின் பெயர் இருந்தது. அடுத்து அவருடைய டெஸ்க்டாப். அதற்குள் 'புதிய ஃபோல்டர்'. அதற்குள் இன்னொரு 'புதிய ஃபோல்டர்'.

காலையில் ஏதோ முயன்று பார்ப்பதற்காகக் கோப்பைத் தன் டெஸ்க்டாப்பில் வைத்து, செட்டிங்கில் அந்த விலாசத்தை எழுதி, அதை அப்படியே எல்லோருக்கும் பொதுவாக ஏற்றிவிட்டிருக்கிறார். பாவம், கருவி அவளுடைய கணினிக்குள் அவருடைய டெஸ்க்டாப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

சூடான டீயோடு திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார்.

"அதான் முதல்லேருந்தே சொல்றேன், விலாசத்துலதான் பிரச்சினைன்னு."

"எப்பண்ணா சொன்னீங்க?" என்றாள் தோழி.

"மனசுல இருந்தது."

ஒரு வரிதான். மாற்றினாள். பொத்தானை அமுக்கினாள். முந்நூறு பிழைகள். இவை புதியவை, முழுக்க முழுக்க அவர் கைப்பட உண்டாக்கியவை.

"அண்ணா, நீங்க என்னென்ன மாத்தினீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா."

"வரிசையா சொல்லுங்களேன்."

"வரிசையாவா?"

ஒவ்வொன்றாகத் தேடி அவிழ்த்து, எடுத்ததைத் திரும்ப வைத்த பிறகு பில்டு வந்தது, அந்தந்தக் கண்ணுக்கு அந்தந்தப் பவர் கிடைத்துவிட்டது. அவள் ஓட்டமாக ஓடி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கையெழுத்து வாங்குகிறவர் வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "பரவால்லம்மா, ஒரு ராத்திரிதானே" என்றார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் விட்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஆபத்பாந்தவர் அடக்கமாகச் சொன்னார்: "நேத்து ஒரு சிக்கலான பில்டு பிரச்சினை. நானும் கூட இருந்து பாத்தேன்." எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் அவளிடம் வந்து, "அப்பா எப்படிம்மா இருக்காரு? ஏதாவது உதவின்னா தயங்காம கூப்பிடு" என்றார். மனதாரத்தான் சொன்னார். பயமே அதுதான்.

'இந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயோ ஓர் இடத்தில், 'அட, நான் மட்டும் அங்கே இருந்திருந்தா ரெண்டே நிமிஷம்' என்று உங்கள் உள்ளங்கை ஒரு தடவை அரித்ததா, இல்லையா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு, இருக்கிற இடத்திலேயே இருங்கள். யாருடைய அப்பாவாவது இன்றைக்கு வீட்டுக்குப் போகட்டும்.