கொக்கியார் பிரித்த கூரைகள்

திருச்சி ஜில்லாவிலேயே அதிகக் கூரைகளைப் பிய்த்தவர் யார் என்று கேட்டால், ஸ்ரீரங்கத்துக் குரங்குகளுக்கு அடுத்தபடியாக எங்கள் கொக்கியாரைத்தான் சொல்வேன். குரங்குகள் பிய்ப்பதோடு விட்டுவிடும். இவர் மறுபடி வேய்ந்தும் கொடுப்பார். வினையே அதில்தான் வந்தது.

பயர் சர்வீஸில் இருந்து ரிடையராகி, எங்கள் தெருக்கோடியில் ஒரு கீற்று வீட்டில் தனியாகக் குடியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். குழந்தை குட்டி கிடையாது. குடிசைகள் தீப்பிடித்தால், பக்கத்தில் இருக்கிற எரியாத குடிசையின் கூரையை நீளக் கொக்கியால் இழுத்துப் போடுவது அவர் பார்த்த வேலை. நடுவில் இடைவெளி விழுந்தால் தீ தாண்டாது. வரிசை முழுக்கப் பிழைக்கும். கூரை போனவர் மட்டும் மண்ணை வாரித் தூற்றுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது.

என் ஆபீஸ் நண்பர் ஒருவரை அவருக்கு அறிமுகம் செய்து வைத்தேன். பெயர், ஊர், உத்தியோகம் எதையும் காதில் வாங்கவில்லை. வீடு ஓடா, கீற்றா என்று மட்டும் விசாரித்தார். ஓடு என்றதும் அந்த நண்பர்மேல் இருந்த சுவாரசியமே போய்விட்டது.

அவர் சர்வீஸின் கடைசிக் காலத்தில், ஒரு சித்திரை மத்தியானம் கொள்ளிடக்கரையில் தீ. கீரை விற்கிற ஒரு பெண்ணின் குடிசையைப் பிரித்துப் போட்டார். போட்ட கையோடு காற்று திரும்பிவிட்டது. தீ அந்தப் பக்கமே வரவில்லை. மறுநாள் நிவாரணம் கொடுக்க வந்த அதிகாரி, எரிந்த குடிசைக்குத்தான் கீற்றும் மூங்கிலும் உண்டு, பிரித்த குடிசைக்கு விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் நேராகக் கொக்கியாரிடம் வந்தாள்.

"நீங்க சும்மா இருந்திருந்தா கூரை நின்னிருக்கும், இல்லேன்னா எரிஞ்சாவது போயிருக்குமுங்களே" என்றாள்.

மனுஷனை அந்த ஒரு வார்த்தை விடவே இல்லை. முதலில் அவளுக்குச் சொந்தச் செலவில் கூரை போட்டுக் கொடுத்தார். ரிடையரான பிறகு, தான் பிரித்த கூரைகளை எல்லாம் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். பென்ஷன் வந்த அன்றே கீற்றாக மாறிவிடும். அது போதாமல் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களும் கீற்றாயின.

நம் ஜனங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? தானாக விழுந்த கூரை, மாடு தின்ற கூரை, அண்ணன் தம்பி சண்டையில் சரிந்த கூரை எல்லாம் கொக்கியார் பிரித்ததாகிவிட்டன. உப்பிலியபுரத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, எங்கள் கூரையையும் நீங்கள்தான் இழுத்தீர்கள் என்றார். கொக்கியார் அந்த ஊர்ப் பக்கம் போனதே கிடையாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னேன்.

"இருக்கட்டும் சார். அந்தப் புகையில யாரு வீடுன்னு பாத்தா இழுத்தேன்?" என்றார்.

இதற்குள் அவர் வீட்டுக்குள் படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. புகை குடித்த நெஞ்சு வேறு. இன்னொரு மழைக்காலம் நனைந்தால் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். தெருவே சேர்ந்து கீற்று வாங்கி அவர் வாசலில் அடுக்கினோம். விடிந்து பார்த்தால், அது திருவெள்ளறைக்கு வண்டி ஏறியிருந்தது. மறுபடி வாங்கி என் கொல்லையில் ஒளித்து வைத்து, கூரை வேய்கிற ஆளைக் கையோடு கூட்டிப் போனேன். அந்தப் படுபாவி ஏணியில் கால் வைத்தவன், எங்க கூரையைக்கூட ஒரு தடவை நீங்க என்று தலையைச் சொறிந்தான். கீற்று முழுவதும் அவன் வீட்டுக்குப் போயிற்று. கொக்கியாரே தலையில் தூக்கிவிட்டார்.

"செத்துப்போயிருவீங்க அண்ணே. ஒரே ஒரு தடவை உங்க கூரையப் போட்டுக்கங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என் கூரைய நான் பிரிக்கலையே சார்."

எனக்கு அழுகைதான் வந்தது. எங்கள் வீட்டிலாவது வந்து படுங்கள் என்றேன். யாராவது தேடி வந்தால் வீடு பூட்டியிருக்குமே என்று மறுத்துவிட்டார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் இருமல் சத்தம் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது உடல் மேல் மழை சொட்டிக்கொண்டிருந்தது. எங்கே நகர்த்திப் போட்டாலும் சொட்டியது.

சேதி கேட்டுக் கீரைக்காரப் பெண் தலையில் கீற்றுக் கட்டோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர், நிஜமாகக் கூரை இழந்தவர்களும் பொய் சொன்னவர்களும், வந்தார்கள். அந்த வேய்கிற ஆள் யார் முகத்தையும் பார்க்காமல் ஏணி வைத்து ஏறினான். கொட்டுகிற மழையிலேயே வேய்ந்து முடித்தார்கள். அதற்கப்புறம் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. எடுக்கிற வரைக்கும் கொக்கியார் நனையாமல் கிடந்தார்.

பாவி மனுஷன். மழை பிடித்தால் இன்றைக்கும் அவரைத் திட்டித் தீர்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.