மாமாவின் கால்சட்டையில் இடது கால்

முதலியார்பேட்டை, புதுச்சேரி,
20 மே 1959, இரவு.

கடல் தாண்டி மர்சேயில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் பெருமதிப்புக்குரிய கண்ணையன் மாமா அவர்களுக்கு, தங்கை மகள் தனக்கொடி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே தாங்கள் நலமா? எங்கள் இருவரையும் நலம் என்று எழுதியது வழக்கத்துக்காகத்தான். அப்பா நலமில்லை. இதை எழுதி முடிக்கும்வரை நானும் நலமில்லை.

அடுப்பங்கரையில் சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா கூடத்தில் தூங்குகிறார். மில் சங்கு ஊதியதும் எழுந்து இரவு ஷிப்டுக்குப் போவார். அவருக்கு இந்தக் கடிதம் தெரியக் கூடாது. ஏனென்றால், உங்கள் போன கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியபோது, நீங்கள் எழுதாத ஒரு வரியையும் சேர்த்துப் படித்துவிட்டேன். “என் டிரங்குப் பெட்டியில் உள்ள முகமூடியை மச்சான் எடுத்துக்கொள்ளட்டும்” என்பது அந்த வரி. நீங்கள் உண்மையில் எழுதியிருந்தது, “பெட்டியை யாரும் தொடக் கூடாது, ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய தின அணிவகுப்புக்கு வருவேன், என் கம்பளிக் கால்சட்டை பத்திரம்” என்று. அதை நான் படிக்கவில்லை. அடுத்த கடிதத்தில் நீங்கள் முகமூடியைப் பற்றி ஏதாவது கேட்டு, அதை வேறு யாராவது படித்துவிட்டால் என் கதி என்ன ஆகும்?

காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள் மாமா. அப்பாவுக்கு வேலை, மில்லுக்கு இறுக்கிக் கட்டி வரும் பேல் பஞ்சு மூட்டைகளை உடைத்து உதறுகிற அறையில். காலையில் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். பெரிய டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, பஞ்சுத் தூசியை விட்டு வேறு வேலை பார்க்கச் சொன்னார். வேறு வேலை எங்கே இருக்கிறது என்று சீட்டில் எழுதித் தரவில்லை. அப்பா வேலையை விட்டால் என்னைப் பாகூர் அத்தை வீட்டில் விடுவார்களாம். பள்ளிக்கூடமும் அத்தோடு சரி. அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்குத் துணை அப்பாவின் இருமல்தான். அது கேட்டால் தூக்கம் வராது. கேட்காவிட்டால் பயம் வரும்.

அதனால் முகமூடியை எடுத்தேன். சண்டையில் விஷப்புகைக்குப் போட்டது, தூசிக்கா பயப்படும் என்று நினைத்தேன். அதன் மூக்கில் பால்மாவு டப்பா அளவுக்கு ஒன்று தொங்குகிறதே, அதற்குள் என்ன கெட்டுப்போயிருந்ததோ, அப்பா இரண்டு மூச்சு இழுத்ததுமே கண் பிதுங்கிவிட்டார். குனிந்தால் மார்பில் வேறு இடித்தது. சரி, சின்னதாக ஒன்று செய்வோம், அழுக்கானால் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுகிற மாதிரி செய்வோம் என்று வீடெல்லாம் தேடினேன். உங்கள் பூட்ஸ் பாலிஷ் டப்பாதான் பொருத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் காது இருக்கிறதல்லவா, அதைத் திருகினால் ஒரே கையால் மூடி திறக்கும். பாலிஷை வழித்து எடுத்து, இரண்டு பக்கமும் ஆணியால் ஓட்டை போட்டு, முகமூடியில் பழைய டப்பாவைக் கழற்றிவிட்டு, சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி அந்த இடத்தில் இதை இறுக்கினேன். உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டுமே? அப்பாவின் தலையிலும் பனியனிலும் ஒட்டியிருந்ததைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆம் மாமா, அவர் தலையிலிருந்து எடுத்த தூசியையே டப்பாவில் அடைத்து அவர் மூக்கில் கட்டி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அப்பா வாயைச் சுற்றிக் கறுப்பு வளையத்தோடு வந்தார். பாலிஷை நான் சரியாகத் துடைக்கவில்லை. மேஸ்திரி இராமதாஸ், “யோவ் ஆதிமூலம், எந்தச் சண்டைக்குய்யா போற? தும்பிக்கையக் கழட்டி வச்சிட்டு வேலையப் பாரு” என்றாராம். அறையே சிரித்ததாம். சிரித்ததில் அவரவருக்கு இருமல் வந்து மிஷின் நின்றதாம்.

“இன்னாடி கொடி இது? மூக்குல பஞ்சு வச்சி அனுப்பினியே, நான் இன்னும் சாவலடி. இந்தா, உம் மாமங்காரன் தும்பிக்கைய நீயே வச்சிக்க” என்று ஆணியில் மாட்டிவிட்டார். நான் அழுததைப் பார்த்து, “நல்லாத்தான் செஞ்சிருக்கற. எனக்குத்தான் குடுத்து வைக்கல” என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஏதோ மாறியதுபோல் இருந்தது, சங்கு ஊதிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, கூடத்தில் இருமல் நின்றிருக்கிறது. போய்ப் பார்த்து வருகிறேன்.

மூச்சு இருக்கிறது. மார்புக்குள் பூனை ஒன்று உறங்குகிற சத்தம்.

இனிமேல்தான் நான் மிகவும் பயப்படும் விஷயம். பஞ்சு வேண்டாம், கம்பளிதான் தூசியைப் பிடிக்கும் என்று தோன்றியது. இந்த ஊர் வெயிலில் கம்பளி யாரிடம் இருக்கிறது? உங்கள் கால்சட்டையில் இடது காலை முழங்கால்வரை வெட்டி, டப்பா அளவுக்கு எட்டு வில்லைகள் செய்துவிட்டேன். வலது காலைத் தொடவில்லை. அப்பா இல்லாத நேரத்தில் கதவைச் சாத்தி, முகமூடியை மாட்டிக்கொண்டு, பழைய தலையணையைக் கிழித்து உதறிப் பார்த்தேன். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது வீட்டில் இன்னொருவர் வந்திருப்பதுபோல் இருந்தது. கழற்ற மனம் வராமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அப்பாவிடம் போட்டுக்கொள்ளச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எட்டு வில்லைகளும் முகமூடிக்குப் பக்கத்தில் ஒரு சிமிழில் சும்மா கிடக்கின்றன.

ஆகவே மாமா, எல்லாம் வீண். முகமூடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். வில்லைகளை ஒன்றோடொன்று தைத்து மறுபடி காலாக்கிவிடுகிறேன். கொஞ்சம் குட்டையாக இருக்கலாம். இனி எதையும் தொட மாட்டேன். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெய்வம் தங்களுக்கு நீண்ட ஆயுளும், என் மேல் கொஞ்சம் இரக்கமும் தரட்டும். சங்கு ஊதுகிறது. விளக்கை அணைக்கிறேன்.

தங்கள் பாதம் பணியும்,
தனக்கொடி

பின்குறிப்பு: இது காலையில் எழுதுவது. விடிந்ததும் பெட்டியில் வைக்க முகமூடியைத் தேடினேன். ஆணியில் இல்லை. சிமிழும் காலி. ஏழரைக்கு அப்பா வந்தார். புருவம் வெள்ளை, மூக்கும் வாயும் சுத்தம். எட்டு வில்லைகளையும் என் நோட்டின் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் விரல் தடிமனுக்குத் தூசி. அவ்வளவும் அப்பாவுக்குள் போயிருக்க வேண்டியது. “மணிக்கு ஒண்ணா மாத்தினேன்டி. அந்த இராமதாசு தனக்கும் ஒண்ணு வேணுமாம், வாசல்ல நிக்கிறான்” என்று சொல்லிவிட்டுப் படுத்து, இருமாமல் தூங்கினார். நானும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வலது காலையும் வெட்டிவிட்டேன். ஜூலை பதினாலுக்கு நீங்கள் வேட்டி கட்டி அணிவகுத்தாலும் கம்பீரமாகத்தான் இருப்பீர்கள். வரும்போது காலி பாலிஷ் டப்பாக்கள் கிடைத்தால் கொண்டு வாருங்கள்.