விலாசக் கட்டத்தில் பிரிந்த தம்பதி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த மாபெரும் நிகழ்ச்சி, 1984-ல் சிங்கப்பூரின் ஓர் அரசுப் பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதுதான். அதனால் முதலில் ‘பயனடைந்தவள்’ ஹலீமா.

ஃபேரர் பார்க்கில் குடியிருந்த பழைய வீட்டை இடிக்கப்போவதால் ஹலீமாவும் கணவர் அப்துல் கையூமும் பிடோக்கில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். விலாசத்தை மாற்ற ஹலீமா அந்த அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி எட்மண்ட் அவர்களுடைய குடும்பப் பதிவைத் திரையில் வரவழைத்து, ‘தேவையான’ கட்டத்தை மட்டும் திருத்தி, விசையைத் தட்டினார். பழைய காலம்போல் முழுப் பதிவையும் திரும்ப எழுத வேண்டாமாம். என்ன நாகரிகம்!

மகளைப் பிடோக் பள்ளியில் சேர்க்கப் போனபோது கையை விரித்துவிட்டார்கள். பதிவின்படி தகப்பன் பிடோக்கில், தாய் ஃபேரர் பார்க்கில். பிள்ளை யாரிடம் வளர்கிறது?

ஹலீமா பதறிக்கொண்டு எட்மண்டிடம் ஓடினாள்.

“நீங்களும் ஹஸ்பண்டும் பிரிஞ்சிட்டதா ரெக்கார்டு சொல்லுதும்மா,” என்றார் அவர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

“யாரு பிரிஞ்சா? சம்பல்ல உப்பு பத்தலைன்னு நேத்துதான் என்கூட சண்டை போட்டாரு!”

“சண்டையா? அப்ப ரெக்கார்டு சரிதான்.”

“ஒரே வீட்டுலதான்லா சண்டை போட்டோம்!”

“அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

ஆனாலும் எட்மண்ட் இளகிய மனம் படைத்தவர். மறுபடி விசையைத் தட்டினார். முகம் மலர்ந்தது. “சேர்த்து வச்சிட்டேன்! இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம்.”

ஹலீமா திரையை எட்டிப் பார்த்தாள். கணவரும் ஃபேரர் பார்க்குக்கே திரும்பியிருந்தார்.

“அந்த வீட்டத்தான் இடிச்சிட்டாங்களே, சார்!”

“ஒத்துமையா இருந்தா வீடெல்லாம் பெரிய விஷயமாம்மா?”

ஹலீமா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு அழுத்தமாக உட்கார்ந்தாள். “நான் சொல்லச் சொல்ல அடிங்க. புருஷன் விலாசம், பிடோக். அடுத்த கட்டம், மனைவி விலாசம். அதுவும் பிடோக்.”

அடித்தார். பள்ளிக்கு வேண்டிய அத்தாட்சி கைக்கு வந்ததும் அவள் கேட்டாள்: “மொதல்லயே என் கட்டத்த ஏன் சார் மாத்தல?”

“அது கம்ப்யூட்டர் பண்ண தப்பும்மா.”

“கம்ப்யூட்டரா?”

எட்மண்ட் தலையைச் சொறிந்தார். “புருஷன் எங்கேயோ பொண்டாட்டியும் அங்கதானே? தனியா வேற அடிக்கணுமான்னு விட்டுட்டேன்.”

ஹலீமா எழுந்தாள். கம்ப்யூட்டரின் தலையைப் பரிவோடு தடவிக்கொடுத்தாள்.

“பாவம்லா இது. நானும் ஒரு தனி ஆளுன்னு இந்த ஆபீஸ்ல இதுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.”