கல்யாண மண்டபத்தில் இரும்புக் கடை

அன்புள்ள மைத்துனர் சீனுவாசனுக்கு,

திண்டிவனத்திலிருந்து உன் மாமா கோதண்டபாணி எழுதுவது. நீயும் சித்ராவும் பிள்ளைகளும் ஓசூரில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை பரவாயில்லை. உன் அக்கா பிரபாவதி நல்ல சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், சித்ரா கேட்பாள், நான் போனை வைப்பதற்குள் அவள் உன் அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிடுவாள். ஆகவே தபால். படித்ததும் கிழித்துப் போடு.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து, கூடப் பிறந்தவன் என்ற உரிமையில், உன் அக்காவை விழுப்புரம் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்க்கலாமே என்று கேட்பாய். உனக்கு அக்காவாக இருப்பவள் எனக்கு மனைவி, அதனால் கேட்க மாட்டாள்.

இங்கே விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஹார்டுவேர் கடை நடத்துவது உனக்குத் தெரியும். மோட்டார் ரிப்பேரானால் ஒரு வால்வுக்கும் நாலு அடி பைப்புக்கும் கடை கடையாக அலைந்து சலித்துப்போன பிரம்மதேசத்துக்காரர்கள் ஆரம்பித்தது. நான் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் நம் வீட்டுப் பாத்ரூம் குழாய் ஒழுகியது. ஒரு வாஷர் வாங்கி வரச் சொல்லி உன் அக்காவை அந்தக் கடைக்கு அனுப்பினேன். போனவள் வெறும் கையோடு வந்தாள். வாஷர் எங்கே என்று கேட்டேன்.

"ஸ்டாக் இல்லன்னாங்க. ஏன் வைக்கலன்னு கேட்டேன். அத்த மெம்பருங்கதான் கேக்கணுமாம். அதான் மெம்பரா சேந்துட்டு வந்துட்டேன்."

அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தக் கேள்வியை எழுந்து கேட்டிருக்கிறாள். கேட்ட தோரணையைப் பார்த்து அவளையே இயக்குநராக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் டிபன் முடிந்ததும் கடைக்குப் போவாள், சாயங்காலம் வந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். நான் ஈஸி சேரில் உட்கார்ந்து கேட்பேன். கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம் வளர்ந்தது. இந்தக் கடை எப்படிப் பிழைக்கிறது? வாங்க வருகிறவன் ஒவ்வொருவனும் முதலாளி. ஆணி வாங்க வந்தவன் ஆணியை வாங்கிக்கொண்டு போகமாட்டான், அது இருக்கும் இடம் சரியில்லை என்று டப்பாவையே வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டுப் போவான். பிரம்மதேசம் தாண்டவராயன் என்று ஒரு மூத்த உறுப்பினர், மண்வெட்டியும் கடப்பாரையும்தான் வாசலில் தொங்க வேண்டும் என்பார். டவுன்காரர்கள் ஷவரும் குழாயும் என்பார்கள். காலையில் மண்வெட்டி தொங்கும், மத்தியானம் ஷவர் தொங்கும். கடைசியில் தாண்டவராயன், "எங்க ஊருல நாங்களே கட வச்சிக்கினு எங்க இஷ்டத்துக்கு மாட்டிக்கிறோம், நீங்க இங்க ஷவருல குளிச்சிக்கினு இருங்க" என்று எழுந்து போய்விட்டார். பாதிக் கூட்டம் பின்னாலேயே போனது. சங்கம் உடைந்தது என்று நான் உன் அக்காவுக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளோ பிரம்மதேசத்துக்குப் போய் அவர்கள் பார்த்து வைத்திருந்த இடத்தில் சங்கத்தின் போர்டையே மாட்டிவிட்டு வந்தாள். அது முதல் கிளை.

அனந்தபுரம் கிளையும் இப்படித்தான், மாட்டுக் கயிறு ஹார்டுவேரா இல்லையா என்ற சண்டையில் பிறந்தது. அதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். கடையைப் பார்த்துக்கொள்வது கவிதா என்ற பெண். ஒருவர் மருந்தடிக்கும் மெஷினுக்கு ஒரே ஒரு போல்ட்டு கேட்டு வந்தார். இல்லை. கவிதா பிரம்மதேசத்துக்குப் போன் போட்டாள், அவர்கள் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார்கள். பஸ் வந்தது. போல்ட்டும் வந்தது, ஆனால் அளவு தப்பு. பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், இரண்டு பேர் இறங்கியே வந்துவிட்டார்கள், பஸ் நிற்கிறது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவரும் ஒரு யோசனை சொல்கிறார். என் சர்வீஸில் ஒரு பஸ்ஸையும் நான் அப்படி நிற்க விட்டதில்லை. அன்றைக்கு நானும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது உன்னோடு இருக்கட்டும். ஒரு வாஷரைச் சேர்த்துப் போட்டு முடுக்கினார்கள், மெஷின் ஓடியது. இறங்கிய இருவரும் அங்கேயே உறுப்பினராகச் சேர்ந்தார்கள். ஏன் சேர்ந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன்.

இப்போது விழுப்புரம். ஊர் பெரிது, கடையும் பெரிதாக வேண்டும் என்று ஓடாத ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். மணமேடையில் பெயிண்ட் டப்பாக்கள், சாப்பாட்டுக் கூடத்தில் பைப்புகள், மணமகள் அறையில் பூட்டும் தாழ்ப்பாளும். ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்த்துத் திறப்பு விழா வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் உன் அக்காவுக்குத் துணையாக நானும் அங்கே இருந்தேன். வாசலில் ஒரு வேனும் இரண்டு காரும் வந்து நின்றன. பட்டுப் புடவைகள் இறங்கின, சீர்வரிசைத் தட்டுகள் இறங்கின, மேளக்காரர்கள் இறங்கினார்கள். திறப்பு விழாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் எழுந்து நின்று கும்பிட்டேன். கூட்டத்துக்கு முன்னால் வந்த பெரியவர் மணமேடையைப் பார்த்தார். அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டார்.

பனமலை குமரேசன் என்று பெயர், மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். மகள் கலைப்பிரியாவுக்கு மறுநாள் காலையில் அதே முகூர்த்தத்தில் அங்கே கல்யாணம். மண்டபத்துக்காரர் மாதக்கணக்கில் முன்னாலேயே இவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார், பிறகு மண்டபத்தையே எங்களுக்கு விட்டிருக்கிறார், இரண்டுக்கும் நடுவில் சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்திருக்கிறார். அவர் போன் அணைந்து கிடந்தது. வேறு மண்டபம் ஒன்றும் காலியில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். குமரேசன் பிடித்த தூணை விடவேயில்லை. அந்தப் பெண்தான் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பூட்டெல்லாம் நல்லாருக்கு" என்றது. அழுகையை அடக்கத்தான் அப்படிச் சொன்னது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தாண்டவராயன், "திறப்பு விழாவ தள்ளி வைக்க முடியாதுங்க, எல்லாருக்கும் சொல்லியாச்சி" என்றார். டவுன் உறுப்பினர் ஒருவர், "கல்யாணத்தையும் தள்ளி வைக்க முடியாதே" என்றார். வழக்கம்போல ஆரம்பமாகப் போகிறது என்று நான் ஓரமாக நகர்ந்தேன். உன் அக்கா பெயிண்ட் டப்பா ஒன்றைத் தூக்கித் தாண்டவராயன் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணையும் தள்ள வேணாம். மேடைய காலி பண்ணுங்க. கடையும் இருக்கட்டும், கல்யாணமும் நடக்கட்டும். ஜல்தி ஆவட்டும்."

சீனு, விடிவதற்குள் பைப்புகளை நிறுத்திப் பந்தல் கட்டிவிட்டார்கள். நாற்காலி போதாமல் பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார்கள். வாசலில் மண்வெட்டியும் தொங்கவில்லை, ஷவரும் தொங்கவில்லை, மாவிலைத் தோரணம் தொங்கியது. அதைக் கட்டியவர் தாண்டவராயன். மேளம் கொட்டியதும் தாலியும் ஏறியது, கடையும் திறந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பைப்பை வளைத்து இணைக்கும் துண்டு ஒன்றைக் காட்டி, "இந்த எல்போ எவ்ளோங்க" என்று கேட்டார். அதுதான் முதல் வியாபாரம். புறப்படும்போது குமரேசன் உன் அக்காவின் எதிரில் வந்து கும்பிட்டார். பிறகு, "எங்க பனமலையில ஒரு கட வைப்பீங்களாம்மா" என்று மட்டும் கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதமாட்டேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, விழுப்புரம் கிளையை உன் அக்காவே அங்கே தங்கி நடத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதன்முறையாக ஒரு விஷயத்தில் சண்டையே வராமல் முடிவெடுத்திருக்கிறார்கள், அதுவும் எனக்கு விரோதமாக. அவள் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் யோசிக்கிறேன் என்றால் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டாள் என்று அர்த்தம். இந்த வயதில் குடும்பம் ஒரு ஊரிலும் இரும்பு ஒரு ஊரிலுமாக இருப்பது சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். வேலைக்குப் போன காலத்தில் நான் வீட்டிலேயே இருந்ததில்லை. இப்போது நான் வீட்டில் இருக்கும்போது அவள் இல்லை. இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

சித்ராவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், படிப்பில் கவனமாக, மாமன் பேச்சையும் அத்தை பேச்சையும் ஒரே மாதிரி கேட்கிறவர்களாக வளர வேண்டும் என்று எல்லா தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா,
கோதண்டபாணி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதித் தபால் தலையும் ஒட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். உன்னை எதற்கு அவ்வளவு தூரம் இழுப்பது என்று நானே தைரியமாக உன் அக்காவிடம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபேச்சு பேசவில்லை. "வேணான்றீங்க, சரி, உட்டுட்றேன்" என்றாள். இயக்குநர் பதவியையும் விட்டுவிட்டாள். மறுநாள் வீட்டிலேயே இருந்தாள். சாயங்காலம் நான் ஈஸி சேரில் உட்கார்ந்து, இன்றைக்குக் கடையில் என்ன நடந்தது என்று கேட்டேன். "நான் போவலியே, எனக்கு எப்படித் தெரியும்" என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பனமலையில் கடை வருகிறதா, வராதா? யார் யாரோடு சண்டை? ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்றுக் காலை நானே கடைக்குப் போய், அவள் ராஜினாமாவை எப்படி நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்று தாண்டவராயனோடு சத்தம் போட்டு, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். விழுப்புரத்தில் மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்தாகிவிட்டது, இரண்டு பேருக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை நீ கண்டிப்பாக வா. அக்காவுக்குப் புத்தி ஒன்றும் சொல்ல வேண்டாம். பீரோ தூக்க ஆள் வேண்டும்.